நூல் வராவிட்டால் எவ்வளவு கேட்கலாம்?

ஆசிரியருக்கு,

கிலோ 280 ரூபாய்க்குப் பேசிய நூலை நூற்பு மில் அனுப்பவில்லை என்று வையுங்கள். கெடு நாளில் சந்தை விலை 310. 12 டன்னுக்கு 3,60,000 ரூபாய் நஷ்டஈடு கேட்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இதற்குத்தான். கெடு நாள் விலைதான் கணக்கு என்பதால், ஆறு மாதம் கழித்து வேறிடத்தில் நூல் வாங்கிய பில்லைக் காட்டினால் எடுபடாது. வேறு மில்களின் கொட்டேஷனைக் கெடு நாளிலேயே வாங்கி வையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 20ஆம் பிரிவில், வேறிடத்தில் வாங்கிய மாற்றுக் கொள்முதல் செலவை வசூலிக்க, 30 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். ஏற்றுமதிக் கப்பல் அதுவரை நிற்குமா? 73 போதும்.

இன்னொன்று: 3 லட்சத்துக்குக் குறையாத வணிக வழக்கில், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாதபோது, சமரச மையத்துக்குப் போகாமல் தாக்கல் செய்தால் வழக்குரையே (வழக்கு மனுவே) நிராகரிக்கப்படும்.

வழக்கறிஞர், திருப்பூர்