வளையல் சத்தம்

அம்மு,

நேத்து ராத்திரி போன்ல, "முழிச்சுப் பாத்தா மல்லாந்து கிடக்கேன்மா, பாப்பாவுக்கு எதாவது ஆயிருக்குமா?"ன்னு அழுதியே, அப்புறம் எனக்கும் தூக்கம் வரல. போன்ல சொன்னா பாதியிலயே "சரிம்மா"ன்னு வச்சிடுவ. அதான் எழுதுறேன்.

மல்லாந்து படுத்தா வயித்துப் பாரம் முதுகெலும்பை ஒட்டிப் போற பெரிய ரத்தக்குழாயை அமுக்கும். அதனாலதான் 28 வாரத்துக்கு மேல ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்றாங்க. இடது பக்கம்தான் பெரும்பாலும் சொல்வாங்க, வலதும் தப்பில்ல. தூங்கப் போறப்ப ஒருக்களிச்சுப் படு. நடுவுல முழிச்சு மல்லாந்து கிடந்தா திரும்பிக்கோ, அவ்ளோதான். இதுக்குப் போய் அழுவாங்களா?

நீ வயித்துல இருந்தப்ப தண்டையார்பேட்டை வீட்டுல உங்க ஆயா என்னைப் படுத்தின பாடு உனக்குத் தெரியாது. படுத்த வாக்குல புரண்டா குழந்தையைத் தொப்புள்கொடி சுத்திக்குமாம். எழுந்து உக்காந்து, அப்புறம்தான் மறுபக்கம் படுக்கணும். பாயில கையை ஊனி ராத்திரிக்கு நாலு தடவை எழுந்தா இடுப்பு விட்டுப்போகும். ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு செக்கப் போனப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டேன். குழந்தை உள்ள தானா சுத்துறதுல கொடி சுத்தலாம், நீ புரள்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சிரிச்சாங்க. ஆயாகிட்ட இதைச் சொல்லிட்டு யார் வாங்கிக் கட்டிக்கிறது? இருட்டுல வளையலை மட்டும் ரெண்டு குலுக்கு குலுக்கிட்டுப் புரண்டுடுவேன். "எழுந்து உக்காந்தியா?"ம்பாங்க. "ம்" கொட்டுவேன்.

ஆன்லைன்ல ஏதோ பாம்பு மாதிரி தலகாணி பாத்தியாமே, மாப்பிள்ளை சொன்னார். வாங்குனா வாங்கிக்கோ. எனக்கு அப்பாவோட பழைய லுங்கி ரெண்டைச் சுருட்டி முட்டிக்கு நடுவுல வச்சதே போதுமா இருந்துச்சு. வயித்துக்கு அடியில ஒரு சின்னத் துணி மடிப்பு. நெஞ்சு எரிஞ்சா தலைப்பக்கம் உசத்திக்கோ, சாப்பிட்ட கையோட படுக்காத.

ஆபீஸ்ல கால் மேல கால் போட்டு உக்கார்ற பழக்கத்தை விடு. இடுப்புக்குப் பின்னாடி ஒரு துண்டைச் சுருட்டி வை, காலுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட, யார் என்ன நினைச்சா என்ன. நான் தையல் மிஷின்ல, இந்த ஜாக்கெட் முடியட்டும், அந்த ஜாக்கெட் முடியட்டும்னு உக்காந்தே இருப்பேன். சாயங்காலம் கணுக்காலை அழுத்துனா விரல் பதிஞ்ச குழி அப்படியே நிக்கும். காலையில எழுந்தா வடிஞ்சிடும். ஆனா முகம், கை திடீர்னு வீங்கினாலோ, தலைவலியோட கண்ணு மங்கினாலோ, பாப்பா அசைவு குறைஞ்சாலோ விடியட்டும்னு இருக்காத. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, எனக்கு அப்புறம் போன் பண்ணிக்கலாம்.

வளைகாப்புக்கு வந்தா ஆயா உன் பக்கத்துலதான் படுப்பேன்னு இப்பவே பாயைத் தட்டி வச்சிருக்காங்க. கண்ணாடி வளையலா, கை நிறைய அடுக்கிவிடுறேன். குலுக்கிக்கோ.

அம்மா