ஓடுதளத்துக்கு அருகே கோபுரம் ஏன் கூடாது

அவனியாபுரம், மதுரை
26-02-2023

அன்புள்ள முத்தையாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியை அணைக்காததற்காக நீ பயந்ததையும், உண்மையில் அதனால் ஆபத்து உண்டா என்று கேட்டதையும் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இதற்குப் பொறுப்பாகப் பதில் எழுத விரும்புகிறேன்.

ஒரு கைப்பேசியால் விமானம் விழுந்துவிடாது. ஆனால் விமானியின் காதொலிப்பானில் அது இரைச்சலை உண்டாக்கலாம். தரைக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் ஓர் எண்ணை அந்த இரைச்சல் மறைத்துவிடக் கூடாது என்பதால் அந்த விதியை நான் மதிக்கிறேன். எனக்குப் பெரிய கவலை, தரையில் நிற்கும் 5ஜி கோபுரங்களைப் பற்றியது.

விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ரேடியோ உயரமானி என்ற கருவி இருக்கிறது. தரையை நோக்கி அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு, சுமார் 2,500 அடிக்குக் கீழே தரைக்கும் விமானத்துக்கும் உள்ள உண்மையான இடைவெளியை அது சொல்லும். சின்ன வயதில் நாம் கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்போமே, அதைப் போன்றதுதான். பக்கத்து வயலில் ஆயில் எஞ்சின் ஓடினால் அந்த எதிரொலி நம் காதில் விழுமா? உயரமானி 4,200 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் கேட்கிறது. ஆனால் பழைய கருவிகள் பலவற்றில், வேண்டாத அலைகளைத் தடுக்கும் வடிகட்டி போதாததால், பக்கத்து அலைவரிசையின் பலத்த ஓசையும் உள்ளே புகுந்துவிடுகிறது.

அந்தக் கருவி தவறினால் என்ன ஆகும் என்பதை 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் பார்த்தோம். காரணம் கைப்பேசியும் அல்ல, கோபுரமும் அல்ல, கருவியின் கோளாறுதான். இருந்தாலும் விமானம் ஏறத்தாழ 2,000 அடியில் இருக்கும்போதே அது தரைக்குக் கீழே எட்டு அடி என்று காட்ட, தரை வந்துவிட்டது என்று நம்பிய தானியங்கி அமைப்பு எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டது. விமானிகள் கவனிப்பதற்குள் வேகம் இறங்கி விமானம் விழுந்து, ஒன்பது பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவில் 5ஜிக்காக 3,980 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை ஏலம் விட்டார்கள். ஏலத்துக்கு முன்பே, 2020 அக்டோபரில், இது உயரமானியைக் குழப்பலாம் என்று விமானத் துறையினர் எச்சரித்தார்கள். அப்போதே கேட்டிருந்தால் 2022 ஜனவரியில் இந்தியாவிலிருந்து அங்கே செல்லவிருந்த விமானங்கள்கூட ரத்தாகியிருக்காது. நம் நாட்டில் இந்தப் பகுதியில் 5ஜி 3,670 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகிறது, உயரமானியின் அலைவரிசையிலிருந்து இடைவெளி கூடுதல். ஆயினும் சேவை தொடங்கி இரண்டாம் மாதத்திலேயே, ஓடுதளத்தின் இரு முனைகளிலிருந்தும் 2,100 மீட்டருக்குள்ளும், மையக் கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் இந்த அலைவரிசைக் கோபுரம் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த 540 மீட்டரில் வைக்கலாம், ஆனால் திறனைக் குறைக்க வேண்டும். விமானங்களில் வடிகட்டிகள் மாற்றப்படும் வரைக்குமான ஏற்பாடு இது.

இங்கே 5ஜி போன மாதம்தான் வந்தது. விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் தங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று குறைப்படும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

பங்குனியில் நீ வரும்போது வாசலில் காத்திருப்பேன். விமானம் நின்று கதவு திறந்த பிறகு அழைத்தால் போதும்.

அன்புடன்,
சுந்தரம்