பொறுமையாக வயிற்றைக் காட்டியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கட்டிலருகே நின்று டாக்டரே அல்ட்ராசவுண்ட் பார்க்கும் ஒரு வருட ஃபெலோஷிப் பயிற்சி, மதுரையில் எனக்கு நேற்றோடு முடிந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள் இல்லை. அவர்களுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட இடமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இது படித்து வருகிற வித்தையில்லை, கையில் வர வேண்டியது. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டுதல்படி ஒவ்வொரு வகை ஸ்கேனிலும் 25 முதல் 50 வரை பார்த்து, அனுபவமுள்ளவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். எங்கள் சாருக்கு அது போதவில்லை. "நல்லா இருக்கற வயித்த நூறு தடவை பாரும்மா. அப்பத்தான் கெட்டது கண்ணுல படும்" என்றார். நோயில்லாத வயிற்றுக்கு எங்கே போவது? ராத்திரி டூட்டியில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். வாட்ச்மேன் அண்ணன், லேப் தம்பி, அப்பாவுக்குத் துணையாக வந்து பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த மேலூர்க்காரர் என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

முதலில் சம்மதித்தது தூய்மைப் பணி அக்கா. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து படுத்தார். வலது விலாவோரம் ஜெல் வைத்ததும் உடம்பே தூக்கிப்போட்டது. "ஆத்தி, ஐஸ்கட்டியால்ல இருக்கு!" கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடிக்க அன்று எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அக்கா மூச்சை இழுத்துப் பிடி என்றால் பிடித்தார், விடு என்றால் விட்டார். மறுநாள் ராத்திரி எவர்சில்வர் டம்ளரில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, ஜெல் பாட்டிலை அதற்குள் நிறுத்தி வைத்தார். "வலியில கெடக்குறவங்களுக்கு இதுவும் சேந்து வேணாம்மா." எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது, அவருக்குத்தான் தோன்றியது. அன்றிலிருந்து அந்த டம்ளர் மெஷின் பக்கத்திலேயே இருந்தது.

அந்த வெள்ளைக் கோட்டின் அருமை எனக்குப் புரிந்தது மாட்டுப் பொங்கலன்று. பாலமேட்டிலிருந்து 108-ல் ஒரு தம்பியைக் கொண்டுவந்தார்கள். மாடு வலது விலாவுக்குக் கீழே முட்டியிருந்தது. தோலில் சிராய்ப்பு மட்டும்தான். "கொம்பு ஏறல டாக்டர், சும்மா முட்டுச்சு" என்று வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி என நான்கு இடத்திலும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் 200 மில்லி அளவுக்காவது ரத்தம் சேராமல் ஸ்கேனில் தெரிவது கஷ்டம். முதல் ஸ்கேன் சுத்தம் என்பதை நம்பி அனுப்பிவிடக் கூடாது என்று சார் படித்துப் படித்துச் சொன்னது அதனால்தான். இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் அக்கா வந்து என் தோளைத் தொட்டார். "நாடித்துடிப்பு 92 இருந்துச்சு, இப்ப 116. மொகம் வெளுக்குது. இன்னொரு தடவை வச்சுப் பாருங்க டாக்டர்." வைத்தேன். தூய்மைப் பணி அக்காவின் வயிற்றில் தேடித் தேடிப் பழகிய அதே இடத்தில், வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாக நகக்கீற்று மாதிரி ஒரு கறுப்பு. அந்த இடத்தில் கறுப்பு என்றால் ரத்தம். பிரஷர் இறங்குவதற்கு முன்பே சர்ஜன் வந்துவிட்டார், ரத்தமும் தயாராகிவிட்டது. 11-ம் நாள் அந்தத் தம்பி நடந்தே வீட்டுக்குப் போனார். நர்ஸ் அக்கா, அன்று நீங்கள் என்னைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ரேடியாலஜி சீனியர் மேடத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் நான் சேமித்து வைத்த படங்களை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்ப்பார். ஆரம்பத்தில் சிறுநீரகத்தைச் சுற்றியிருந்த கொழுப்பை ரத்தம் என்று எழுதி வைத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை. பழைய படங்கள் பத்தை எடுத்து, கொழுப்பு எது ரத்தம் எது என்று பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். ஸ்கேன் எங்கள் துறை என்று கதவைச் சாத்தியிருக்கலாம். அவர் திறந்தே வைத்திருந்தார்.

கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டத்தின்படி மெஷினுக்குப் பதிவு வேண்டும், கர்ப்பிணிகளுக்குப் பார்த்தால் ஃபார்ம் எஃப் நிரப்ப வேண்டும். அந்தக் காகிதங்களில் ஒன்றுகூடத் தவறாமல் பார்த்துக்கொண்ட ஆபீஸ் அண்ணனுக்கு நன்றி. வருடம் முழுக்க என் மகளைப் பள்ளிக்கு அனுப்பி, ராத்திரி கதை சொல்லித் தூங்கவைத்த அத்தைக்கு நன்றி. பெயர் கேட்காமலே நான் ஸ்கேன் பார்த்துவிட்ட எத்தனையோ பேருக்கும் நன்றி.

அடுத்த திங்கள் முதல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலைக்குச் சேர்கிறேன். என் இடத்துக்குப் புதிதாக ஒரு டாக்டர் வருகிறார். அவரும் ராத்திரியில் தயங்கித் தயங்கி வந்து உங்கள் முன்னால் நிற்பார். அவருக்கும் வயிற்றைக் காட்டுங்கள். ஜெல் பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். டம்ளர் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டேன்.