பச்சை மூங்கில்

தூத்துக்குடி,
சித்திரை 28.

அன்புள்ள சுடலை,

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பேத்தி பிறந்த சேதிக்கு ஒரு வார்த்தை சொல்லாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நீ மீசையை முறுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். பேத்திக்கு என் ஆசீர்வாதம், மதினியைக் கேட்டதாகச் சொல், தம்பி வீட்டு நிலத் தகராறு முடிந்ததா என்று எழுது. பேட்டை ஐ.டி.ஐ. ஹாஸ்டல் பிள்ளையாருக்கு நீ பட்ட கடனை நான் இன்னும் மறக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வராது என்று பயந்துதான் எழுதுகிறேன்.

ஒர்க்‌ஷாப் இருதயம் அண்ணாச்சியின் பேரன், மூத்தவள் மகன், என்னிடம்தான் வேலை பார்க்கிறான். உனக்குத் தெரியாது. இருபத்தொரு வயசு. போன செவ்வாய்க்கிழமை கரண்ட் அடித்து லோடு மேலிருந்து விழுந்துவிட்டான். பிழைத்துவிட்டான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது உள்ளங்கை வெந்துபோயிருக்கிறது. தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. டாக்டர் ஆறு வாரம் என்கிறார். அண்ணாச்சி உயிரோடு இருந்திருந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று ஆறு நாளாகத் தூக்கமில்லை.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். நீ முப்பத்து மூன்று வருஷம் கம்பத்தில் ஏறினவன். எங்கே தப்பு என்று உனக்குத்தான் விளங்கும்.

கப்பலில் வந்தது ஓர் எக்ஸ்கவேட்டர், சுரங்கம் தோண்டுகிற இயந்திரம், 120 டன் வகுப்பு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு. பக்கெட், பூம், பின்பக்க எடைக்கட்டி எல்லாம் தனித்தனி டிரெய்லரில் போய்விட்டன. என் பொறுப்பில் இருந்தது உடம்பும் செயின் தடமும் சேர்ந்த 70 டன் துண்டு. அதை வ.உ.சி. துறைமுகத்தில் ஹைட்ராலிக் ஆக்ஸில் டிரெய்லர் மேல் இறக்கினோம். நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன். ஒரு வரிசைக்கு எட்டு டயர், ஆறு வரிசை, நாற்பத்தெட்டு டயர். 2018-இல் வந்த விதிப்படி ஒரு வரிசைக்கு 18 டன் தாங்கலாம். ஆறு வரிசைக்கு 108. லோடு 70, டிரெய்லரின் சொந்த எடை 24, மொத்தம் 94. கணக்கில் இடம் இருந்தது. எல்லா வரிசையும் சேர்ந்து திரும்பும். மேடையை எண்ணெய் அழுத்தத்தால் முப்பது சென்டிமீட்டர் வரை இறக்கலாம், ஏற்றலாம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடி, எல்லாச் சக்கரமும் எடையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு அது அதிசயம்தான். யானை குனிந்து வாசலுக்குள் நுழைகிற மாதிரி அது தாழும்போது நான் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன்.

லோடோடு சேர்த்து உயரம் 5.1 மீட்டர், அகலம் நாலரை. உப்பளங்களைத் தாண்டி எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை, மேலூர், திருச்சி. ராத்திரியில் மட்டும், மணிக்கு இருபது கிலோமீட்டர். ஹைவேயில் ஒரு குறையும் இல்லை. டோல்கேட்டில் ஓரத்து அகலப் பாதை, முன்னால் பைலட் வண்டி, பின்னால் பைலட் வண்டி.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாலம் கட்டுகிறவர்களின் விதிப்புத்தகத்தில் 385 டன் வண்டிக்கென்றே தனிக்கணக்கு இருக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. பாலத்தில் வேறு வண்டி இருக்கக் கூடாது. நடுக்கோட்டிலிருந்து 300 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. நடுவில் வேகம் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நம்முடையது அவ்வளவு கனமில்லை. இருந்தாலும் அதே ஒழுங்கில்தான் போனோம். இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நான் நடுக்கோட்டின் மேல் முன்னால் நடந்தேன். டிரெய்லரை இழுக்கிற புல்லர் வண்டியின் எஞ்சின் சத்தம் தவிர ஒன்றுமில்லை. இதே ஆற்றில்தான், கொஞ்சம் மேற்கே, வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் 2018 வெள்ளத்தில் இடிந்தது. அதை நினைத்துக்கொண்டே நடந்தேன். மறுகரையில் கால் வைத்ததும் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்.

அடுத்தது ரயில்வே கேட். தண்டவாளத்துக்கு மேல் 25,000 வோல்ட். கேட்டுக்கு முன்னால் நிற்கிற உயரக் கட்டை 4.67 மீட்டர், நம்முடையது 5.1. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, அவர்கள் நேரம் குறித்து, கரண்டை நிறுத்தி, எர்த் போட்டு, பொறுப்பான ஆள் வந்து கையைக் காட்டின பிறகுதான் நகர்ந்தோம். பையன்கள் கம்பியை அண்ணாந்து பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதே பையன்கள்தான் மறுநாள் வயல் ஓரத்து எல்.டி. லைனை, குறைந்த வோல்ட் கம்பியை, கொடிக்கயிறு மாதிரி தூக்கிவிட்டார்கள். சுடலை, என் நெஞ்சில் முள்ளாக நிற்பது இதுதான். பெரிய வோல்ட்டுக்குப் பேப்பர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பயம் இருக்கிறது. பம்ப்செட்டுக்குப் போகிற கம்பிக்கு ஒரு மூங்கில்தான்.

கடைசிப் பதினொரு கிலோமீட்டர் ஊர்ச்சாலை. ராத்திரியில் அந்த வளைவுகள் ஆபத்து என்று பகலில் போக அனுமதி வாங்கியிருந்தோம். தை மாசம் விடியற்காலையில் நானே போய் ஒவ்வொரு கம்பியாக அளந்தேன். இந்த லைன் அன்றைக்கு 5.5 மீட்டர் இருந்தது. உன் விதிப்படி ரோட்டைக் குறுக்கே கடக்கிற எல்.டி. 5.8 இருக்க வேண்டும். கம்பம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. போதும், மேடையை இறக்கிப் போய்விடலாம் என்று எழுதிக்கொண்டேன்.

நாங்கள் போனது மத்தியானம் மூன்று மணிக்கு. கத்திரி வெயில். அலுமினியக் கம்பி சூட்டில் நீண்டு தொய்யும் என்று பேட்டையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். சாக்பீஸால் சுவரில் வளைவு போட்டுக் காட்டினாய். அது எனக்கு ஞாபகமே வரவில்லை. தை மாசத்துக்குப் பிறகு ரோட்டுக்கு இன்னொரு அடுக்குத் தார் போட்டிருந்தார்கள். பைலட் வண்டியின் உயரக் கம்பு கம்பியில் தட்டியதும் நிறுத்தி அளந்தேன். 5.2. மேடையை முழுக்க இறக்கினால் லோடு 4.8-க்கு வரும். நாற்பது சென்டிமீட்டர் இடைவெளி. அதையும் கூட்டிக்கொள்ளலாம் என்று பையனை மேலே ஏற்றினேன். நான்தான் ஏற்றினேன்.

கம்பியைத் தூக்க எங்களிடம் இருந்த ஃபைபர் கம்பு முந்தின ராத்திரி பிளந்துபோயிருந்தது. பையன் ஓடையோரத்தில் ஒரு மூங்கிலை வெட்டிக்கொண்டு வந்தான். பச்சை மூங்கில். ஈரம் காயாதது. பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த லைனுக்கு நேர் கீழே ஒரு வேகத்தடை. தை மாசம் அது இல்லை. மேடை முழுக்க இறங்கியிருந்தால் வேகத்தடை அடியில் தட்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். ஆபரேட்டர் வழக்கம்போல ஒரு சாண் தூக்கினார். அவர் வேலை அது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கீழே இருந்தவர் கீழே பார்த்தார், மேலே இருந்தவன் மேலே பார்த்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவன் நான். அந்த நேரம் பின்னால் நின்ற பஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

'சடார்' என்று ஒரு சத்தம். திரும்பினால் பையன் கேபினுக்கும் தடத்துக்கும் நடுவில் கிடக்கிறான். கம்பி எக்ஸ்கவேட்டர் மேல் உரசித் தீப்பொறி பறக்கிறது. ஏணியைப் பிடிக்க ஓடினேன். வயலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பட்டன் எல்லாம் தெறித்தது. "தொடாதீங்க! வண்டி பூரா கரண்டு!" என்று கத்தினார். அவர் மகன் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓடி ப்யூஸைப் பிடுங்கினான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிஷம் என்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷமும் பையனின் ஒரு செருப்பு டிரெய்லர் விளிம்பில் தொங்குவதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லைனை நிறுத்தச் சொல்லி முன்னாலேயே எழுதிக் கொடுத்தோமா என்று நீ கேட்பாய். அடுத்தடுத்த இரண்டு 11 கே.வி. லைனுக்கு, அதாவது 11,000 வோல்ட் கம்பிக்கு, கொடுத்திருந்தோம், நிறுத்தியும் தந்தார்கள். இதற்குக் கொடுக்கவில்லை. சின்ன லைன், தூக்கிவிட்டுப் போகலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. கம்பெனியில் விபத்து அறிக்கையில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி வந்தார்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேகத்தடை, வெயில் நேரத்து அளவு, பிளந்த கம்பு, நான் பஸ்காரரோடு நின்றது எல்லாவற்றையும் நானே நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை இருக்குமா என்று தெரியாது. இருந்தால் அடுத்த லோடு ஆனி முதல் வாரம்.

அதற்கு முன்னால் நீ வர வேண்டும். எங்கள் யார்டில் பதினாலு பையன்கள். ஒருவனுக்கும் கரண்ட் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. லோடு கட்டுவது தெரியும், ஸ்டியரிங் தெரியும், டயர் தெரியும். இரண்டு நாள் இருந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடு. எந்தக் கம்பி எது என்று கம்பத்தைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, வண்டியில் கரண்ட் பாய்ந்தால் உள்ளே இருக்கிற டிரைவர் என்ன செய்ய வேண்டும், கீழே நிற்கிறவன் என்ன செய்ய வேண்டும். நான் சொன்னால் முதலாளி பேச்சாகப் போய்விடும். நீ சொன்னால் கேட்பார்கள். உன் வலது கையில் இருக்கிற தழும்பை அவர்களிடம் காட்டு. எங்களுக்கே நீ அதை ஒரு தடவைதான் காட்டினாய்.

நான் எழுதி வைத்திருக்கிறதையும் நீ பார்த்துத் திருத்த வேண்டும். இனி அளவு எடுப்பது மத்தியான வெயிலில், கிளம்புகிற வாரத்தில். வேகத்தடையும் கம்பியும் ஒரே இடத்தில் வந்தால் இரண்டையும் பார்க்கத் தனியாக ஓர் ஆள். எல்.டி.யாக இருந்தாலும் நிறுத்தாமல் லோடு மேல் ஒருவரும் ஏறக் கூடாது. செலவு கூடும், ஒரு நாள் கூடும் என்று இப்போதே முகம் சுளிக்கிறார்கள். எது அவசியம், எது என் பயம் என்று பிரித்துச் சொல்ல எனக்கு நீதான் இருக்கிறாய்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மூத்தவள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. காபி வாங்கிக் கொடுத்தாள். பையன், "மாமா, கை ஆறினதும் மறுபடி மேலே ஏத்துவீங்கல்ல?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸைப் பிடி. பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். மதினிக்கு மக்ரூன் வாங்கி வைக்கிறேன், உனக்குச் சர்க்கரை, தர மாட்டேன். ரிட்டயர் ஆகும்போது நீ வீட்டுக்குக் கொண்டுபோன ரப்பர் கையுறையும் எர்த் ராடும் பரணில் இருந்தால் எடுத்துக்கொண்டு வா.

உன்,
மாணிக்கம்