குருசடிக் குளம்: திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான அங்கத்தவர்களுக்கு,

மூதூர்ப் பக்கம் நாம் பொறுப்பெடுத்த குருசடிக் குளத்து வேலை முடிந்துவிட்டது. குளக்கட்டை உயர்த்தியாயிற்று, துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) புதிது, மிகுநீர் வழியும் வானுக்குக் கல் பதித்தாயிற்று. போன கிழமை பெய்த மழையோடு முக்கால் குளம் தண்ணீர் நிற்கிறது. இனிச் சொல்வதெல்லாம் அது எப்படி முடிந்தது, எங்கே பிழைத்தோம் என்பதுதான். கணக்கு மட்டும் கேட்பவர்கள் கடைசிக்குப் போய்விடலாம்.

முதல் கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கேட்டது நினைவிருக்கும்: "திருப்பணி என்றால் கோயிலுக்குச் செய்வதுதானே, குளத்துக்கு ஏன் அந்தப் பெயர்?" நியாயமான கேள்வி. அந்த ஊர்ச் சிற்றாலயத்தின் ஓடும் ஒழுகத்தான் செய்கிறது. நாமோ பொதுநிலையினர். பூசை வைப்பதும் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் நம் வேலை இல்லை. 1965 நவம்பர் 18இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, உலகக் காரியங்களைச் சீர்செய்வது பொதுநிலையினரின் சொந்தப் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அதே வருடம் மே மாதம் 'இறைவா உமக்கே புகழ்' மடலைத் தந்தார். அதன் 30ஆம் பத்தியில் சுத்தமான குடிநீர் ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை என்று இருக்கிறது. இதையெல்லாம் நாங்கள் கூட்டத்தில் வாசித்தோம். ஆனால் வழக்கைத் தீர்த்தது அந்த ஊர் அம்மா ஒருவரின் பேச்சு. "ஓட்டை நாங்களே மாத்துவம் தம்பி. கட்டு உடைஞ்சா ஓடு மாத்த ஆள் இருக்காது" என்றார். அதோடு சரி.

குளம் சிறியது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளங்கள் சிறு குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பார்வையில் இருந்தாலும், பராமரிப்பில் பெரும்பகுதி கமக்காரர் தலையில்தான். கமக்காரரே ஊரில் இல்லாவிட்டால்? 2006இல் யுத்தத்தால் மூதூர் கிழக்குச் சனம் இடம்பெயர்ந்து, சிலர் திரும்பி வரவே பல வருடம் ஆனது. அதற்குள் குளக்கட்டில் கறையான் புற்று, மாடு ஏறி இறங்கிய தடம், துருசடியில் கசிவு. தண்ணீருக்கு மேலே ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை.

ஆற்றுவாழை அகற்றியது முழுக்கச் சிரமதானம். நான்கு சனிக்கிழமை. பூ ஊதா நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். பிடித்து இழுத்தால் கறுத்த வேர் ஈரத் தலைமயிர் போல முழங்கை வரை சுற்றும். முதல் சனிக்கிழமை நகரத்திலிருந்து போன நாங்கள் அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டு, பெரிய காரியம் செய்தவர்கள் போலப் படம் எடுத்துக்கொண்டோம். ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். கரையில் விட்டால் அடுத்த மழைக்குத் திரும்பவும் குளத்துக்குள் இறங்கிவிடுமாம். பிறகு லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி, மேட்டு நிலத்தில் காயவைத்து, மாட்டுச் சாணத்தோடு அடுக்கிப் பசளையாக்கினோம். இந்த நாட்டில் இந்தச் செடிக்கு எதிராக 1909ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டார்கள். அது இன்னும் சட்டத்துக்குப் பணிந்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது நாங்கள் செய்த பெரிய பிழை. இதை மறைக்க விரும்பவில்லை.

கட்டைப் பலப்படுத்த மண் அள்ளும் பெக்கோ வந்த அன்று, இயந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்றார்கள். கட்டுக்குக் கீழே, வயலுக்கும் கட்டுக்கும் நடுவில், மருதமும் புங்கும் பற்றையுமாக ஒரு துண்டுக் காடு. வெறும் பற்றைதானே என்று தலையாட்டினோம். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மருதமரம் சாய்ந்தது. கீழ்வயலில் வரம்பு வெட்டிக்கொண்டிருந்த முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர் மண்வெட்டியோடு ஓடி வந்து பெக்கோவுக்கு முன்னால் நின்றார். எங்களைத் திட்டவில்லை. குனிந்து, கட்டடியில் கசிந்து காய்ந்திருந்த வெள்ளைப் படலத்தை விரலால் சுரண்டி, "நக்கிப் பாருங்க தம்பி" என்றார். உப்பு. "இதைக் குடிக்கத்தான் அந்த மரம். மரம் இல்லாட்டி இது என்ட வயலுக்கு வரும்."

சுற்றுச்சூழல் பணி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இதைவிட வெட்கம் வேண்டியதில்லை. பிறகு விசாரித்ததில் அது வடிவாகத் திட்டமிட்ட பழைய ஏற்பாடு என்று தெரிந்தது. வரண்ட வலயத்துத் தொடர்குளங்களில் மேல்கரையில் ஒரு மரவரிசை காற்றை மறித்து ஆவியாதலைக் குறைக்கும். கட்டுக்குக் கீழே இருக்கும் மரக்கூட்டம் கசிவு நீரின் உப்பைப் பிடித்துக்கொள்ளும். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இந்தக் குளமுறையை உலக விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அதை ஒரு மணித்தியாலத்தில் பெக்கோ விட்டுப் பிரட்ட நமக்குத் தலையாட்டு ஒன்று போதுமாக இருந்தது. விழுந்த இரண்டுக்குப் பதிலாக 40 மருதங்கன்று நட்டிருக்கிறோம். அவை அந்த மரங்களின் பருமனுக்கு வர நம்மில் பலர் இருக்கமாட்டோம்.

கட்டுக்குப் போடும் கிரவல் மண் விடயத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். ஒப்பந்தகாரர் முதலில் கொட்டிய மண்ணில் வேரும் மரக்கட்டையும் கலந்திருந்தது. அது உக்கினால் கட்டுக்குள் ஓட்டை விழும். திருப்பி அள்ள வைத்தோம், 11 நாள் போயிற்று. அந்த நாட்களில் எல்லோர் கண்ணும் வானத்தில்தான்.

இனித் துருசு. உண்மையான திருப்பணி இங்கேதான் நடந்தது என்பது குழுவின் எண்ணம்.

துருசுக் கதவைத் தூக்கும் திருகுதண்டுக்கு ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. மூன்று அடி நீளம், கழற்றி எடுத்துப் போகலாம். அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர் வயலுக்குத்தான் முதல் தண்ணீர். மேல்வயலில் அதிகம் தமிழர், கீழ்வயலில் அதிகம் முஸ்லிம்கள். அடிப்படையில் இது மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் உள்ள வழக்கு. உலகத்தில் எந்த வாய்க்காலிலும் உள்ளதுதான். ஆனால் ஒரு சிறுபோகத்தில் (வறட்சிக்கால விதைப்பு) தண்ணீர் குறைந்தால் போதும், வாய்க்கால் பேச்சு வேறு பேச்சாகிவிடும். 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதும் அதன் பின்னால் எப்படி யுத்தம் வந்தது என்பதும் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே புதுத் துருசு பொருத்தும் முன் கைப்பிடி யாரிடம் என்று பேசி முடிக்கவேண்டும் என நிபந்தனை வைத்தோம்.

ஐந்து கூட்டம். இரண்டு சிற்றாலய முற்றத்தில், இரண்டு பள்ளிவாசல் விறாந்தையில், ஒன்று பிள்ளையார் கோயில் ஆலமரத்தடியில். நம்மவர்கள் பேசியது குறைவு, தேத்தண்ணி கொடுத்தது அதிகம். மூன்றாம் கூட்டத்தில்தான் வயதான ஒருவர், தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்று செய்வதைச் சொன்னார். குளத்தை ஒட்டிய வயலை மட்டும் விதைப்பது. அந்தத் துண்டை, சொந்தக்காரர் யார் என்று பாராமல், எல்லோரும் பங்கு போட்டுச் செய்வது. உடனே மேல்வயல்காரர் ஒருவர் எழும்பினார். "என்ட வயல்ல இன்னொருத்தன் விதைக்கிறதோ?" பழைய கைப்பிடி அவர் வீட்டில்தான் இருந்தது.

அவரை யாரும் வெல்லவில்லை. நான்காம் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஐந்தாவதுக்கு வந்தார், கைப்பிடியைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்தார், "ஒரு போகத்துக்கு மட்டும்" என்றார். அப்படியே எழுதிக் கையெழுத்தாயிற்று. முழு உடன்பாடு கண்டோம் என்று இதைச் சொல்லமாட்டேன். ஒரு போகத்துக்கு உடன்பாடு. இப்போது கைப்பிடி, தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையின் வீட்டு விறாந்தையில் ஆணியில் தொங்குகிறது, சிவப்புப் பெயின்ட் அடித்து. பக்கத்தில் ஒரு பதிவுக் கொப்பி. எடுப்பவர் நேரமும் கையெழுத்தும் போட்டு, மேல்வயலில் ஒருவர் கீழ்வயலில் ஒருவர் கூட இருக்கத்தான் கதவைத் திருகலாம்.

கணக்கு. தவக்காலச் சேமிப்பும் அங்கத்தவர் பணமும்தான் வரவு. செலவில் பாதிக்கு மேல் பெக்கோவுக்குப் போனது, அடுத்தது கருங்கல், பிறகு சீமெந்து. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு டிப்பர் நேரே போகிறது. படகுத் துறையில் காத்துக்கிடந்த காலமாக இருந்தால் கல் ஏற்றுக்கூலியே நம்மை முடித்திருக்கும். அப்படியும் மதிப்பீட்டைவிட 112,000 ரூபா கூடிவிட்டது. கிரவல் தாமதமும் கூடுதல் கூலியும் காரணம். அதைக் குழு உறுப்பினர்கள் கைமாற்றாகப் போட்டிருக்கிறோம், அடுத்த தவக்காலத்தில் திருப்பிக் கேட்போம். பற்றுச்சீட்டுகள் எல்லாம் பொருளாளரிடம். அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஜீன் டொனவனை நினைவூட்டுவார். அமெரிக்காவில் நல்ல நிறுவன வேலையை விட்டு எல் சல்வடோருக்குப் பொதுநிலை மறைப்பணியாளராகப் போய், அங்கே பங்கின் கணக்கையும் எழுதி, அகதிகளுக்குச் சாப்பாடும் கொடுத்து, 1980 டிசம்பர் 2இல் மூன்று துறவியரோடு கொல்லப்பட்டவர். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கேட்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை ஒருமுறை சொல்லப்படும். எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

மிச்ச வேலை ஒன்று உண்டு. நட்ட 40 கன்றில் 9ஐ மாடு கடித்துவிட்டது. மழை விட்ட முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்தவுடன் கம்புக்கூடு அடிக்கப் போகிறோம். வான் வண்டி ஆலய வாசலில் நிற்கும். அலவாங்கு (கடப்பாரை) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டு வாருங்கள், ஊரில் இரண்டுதான் இருக்கிறது.

செயலாளர்,
குருசடிக் குளத் திருப்பணிக் குழு,
திருகோணமலை