சைட்டேஷன் எத்தனைன்னு போட்டீங்க, கண்டுபிடிச்சது என்னன்னு போடலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பத்திரிகையில ஒரு யூராலஜி (சிறுநீர்ப்பாதை நோய்) டாக்டரைப் பத்தி அரைப்பக்கம் வந்துச்சு, ரெண்டு தடவ படிச்சேன். இத்தனை ஆய்வுக் கட்டுரை, இத்தனை ஆயிரம் சைட்டேஷன் (மத்தவங்க தங்க கட்டுரையில மேற்கோள் காட்டினது), ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவுன்னு எல்லா நம்பரும் இருக்கு, ஆனா அவர் கிட்னி கல்லுல வேலை செஞ்சாரா ப்ராஸ்டேட்லயா, அதனால நோயாளிக்கு என்ன மாறுச்சுன்னு ஒரு வரி கூட காணோம். அவர் மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, உழைச்சுதான் வந்திருப்பார். எழுதின விதத்துலதான் என் வருத்தம்.

நான் மருத்துவ நூலகத்துல வேலை பார்க்குறவ, டாக்டர்களுக்கு ப்ரமோஷன் ஃபைல் போகும்போது இந்தக் கணக்கெல்லாம் எடுத்துக் கொடுக்குறது நான்தான். ஹெச்-இண்டெக்ஸ் 30ன்னா 30 கட்டுரைய ஒவ்வொண்ணும் 30 தடவையாவது மத்தவங்க மேற்கோள் காட்டியிருக்காங்க, அவ்வளவுதான் அர்த்தம். 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் கொண்டு வந்த கணக்கு இது. கட்டுரையில பேரு முதல்ல இருக்கா இருபதாவதா இருக்கான்னு அதுக்குத் தெரியாது. ஒரு டாக்டரோட கட்டுரையெல்லாம் பட்டியல் போட்டிருக்குற ஆன்லைன் ப்ரொஃபைல திறந்தா மேல நிக்கிறது அவர் குழுவுல ஒருத்தரா இருந்து எழுதின கைடுலைன் (சிகிச்சை வழிகாட்டி), அதுக்குக் கீழ பல ஆஸ்பத்திரி சேர்ந்து நோயாளிகள்கிட்ட சிகிச்சைய சோதிச்சுப் பார்த்த ட்ரையல், நடுவுல அதே பேரு அதே இனிஷியல்ல வேற யாரோ செடி பத்தி எழுதின கட்டுரைங்க. அவரே போன் பண்ணி அது என்னுது இல்லம்மா எடுத்துடுங்கன்னாரு. எடுத்ததும் நம்பர் சரசரன்னு இறங்கிடுச்சு, ஆனா அவர் அதே நல்ல டாக்டர்தானே.

அப்புறம், நிறைய சைட் ஆனதாலயே ஒரு கட்டுரை சரின்னு ஆயிடாது. கிட்னியில இருந்து மூத்திரப்பைக்குப் போற யூரேட்டர் குழாய்ல மாட்டின கல்லு இறங்க டாம்சுலோசின் மாத்திரை உதவும்னு சின்னச் சின்ன ட்ரையல்கள் நிறைய வந்து கைடுலைன் வரைக்கும் ஏறுச்சு, 2015ல பிரிட்டன்ல 1,100 பேருக்கு மேல சேர்த்து சஸ்பெண்ட்னு ஒரு பெரிய ட்ரையல் பண்ணிப் பார்த்தா, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் டாம்சுலோசின் சாப்பிட்டவங்களுக்கும் நாலு வாரத்துல மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டதுல வித்தியாசமே இல்ல. பெரிய கல்லுக்கு உதவலாம்னு இன்னும் பேசுறாங்க. ஒரு கட்டுரைய தப்புன்னு எழுதினாலும் அதுவும் அதோட கணக்குல ஒரு சைட்டேஷனாத்தான் ஏறும்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுறதுக்கு இன்னொரு காரணம் என் தம்பி. முதுகுத்தண்டுல அடிபட்டு 11 வருஷம் ஆகுது, தானா யூரின் போகாது, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ போன்ல அலாரம் அடிக்கும், கைய சோப்பு போட்டு கழுவிட்டு, யூரின வெளியேத்துற டியூப்ல ஜெல் தடவி, அவனே உள்ள போட்டு எடுத்துட்டு வேலையப் பார்க்கப் போயிடுவான். இந்த முறையப் பத்தி 1972ல ஜாக் லேபிடஸ்ங்கிற யூராலஜிஸ்டும் அவர் குழுவும் ஜர்னல் ஆஃப் யூராலஜில எழுதினாங்க. டியூப் ஆபரேஷன் தியேட்டர் அளவுக்கு ஸ்டெரைலா இருந்தே ஆகணும்னு நம்பின காலம் அது. சுத்தமா இருந்தா போதும், மூத்திரப்பை நிரம்பி விரியாம நேரத்துக்குக் காலி பண்றதுதான் முக்கியம், விரிஞ்சா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்ஃபெக்ஷன் ஈஸியா வரும்னு அவர் சொன்னார். அந்தக் கட்டுரை எத்தனை தடவ சைட் ஆச்சுன்னு என்னால ஒரு நிமிஷத்துல எடுத்துச் சொல்ல முடியும், ஆனா என் தம்பி தனியா பஸ்ல போயிட்டு வர்றது அந்த நம்பர்ல எங்க தெரியும்?

சில வேலைக்கு மதிப்பு தெரியவே காலம் ஆகும். ப்ராஸ்டேட் கேன்சருக்கும் ஆண் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்ப சார்லஸ் ஹக்கின்ஸ் 1941ல காட்டினார், நோபல் பரிசு வந்தது 1966ல. ஒரு ஜர்னல்ல வர்ற கட்டுரைக்கு சராசரியா எத்தனை சைட்டேஷன்னு சொல்ற இம்பாக்ட் ஃபேக்டர் பார்க்குறதோ முந்தின ரெண்டு வருஷத்துக் கட்டுரைகளத்தான். அந்த ஜர்னல் நம்பர வெச்சு ஆள எடை போடாதீங்கன்னு ஆராய்ச்சிய எப்படி மதிப்பிடணும்னு வந்த டோரா அறிக்கை 2013லயே சொல்லிடுச்சு.

நம்பரே போடாதீங்கன்னு நான் சொல்லல. அடுத்த தடவ உங்க நிருபர் ஒரு ஆராய்ச்சியாளரப் பார்க்கப் போனா, உங்க கட்டுரைகள்ல எது உங்களுக்கு முக்கியம், அதுல என்ன கண்டுபிடிச்சீங்க, அதுல உங்க பங்கு எதுன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. போன வாரம் வந்த டாக்டர்கிட்டயும் இதக் கேட்டு ஒரு சின்ன செய்தியா போட்டீங்கன்னா நான் முதல்ல படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ நூலகப் பணியாளர்