நூல் வடக்கால போவுது பாப்பா

கிருஷ்ணகிரி
ஞாயித்துக்கிழமை சாயங்காலம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முழங்கால் வலி முன்ன மாதிரி இல்ல, தோப்புல பெங்களூரா மாங்கா சுமாராத்தான் புடிச்சிருக்குது, அது கெடக்கட்டும். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா இது நூலு ஸ்கேலு எல்லாம் வச்சு விளக்கமா சொல்ல வேண்டிய விஷயம், பாதியில நெட்டு போயிடும், அதான் பேப்பர் எடுத்துட்டேன். முதல்ல குட்டிகிட்ட ஒண்ணு சொல்லிடு. அவ சொன்னதுதான் சரி, தாத்தா சொன்னது தப்பு.

போன வாரம் வீடியோவுல கேட்டா இல்ல, அமெரிக்காவுல ஆப்பிரிக்காவுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற மாநிலம் எதுன்னு. நான் யோசிக்கக் கூட இல்ல, புளோரிடான்னுட்டேன். இல்ல தாத்தா, மெயின் மாநிலம்னு சொன்னா. அதோட நான் விட்டிருக்கணும். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டரா கிலோமீட்டர் கணக்குலயே பொழப்பு ஓட்டினவன்கிட்ட நீ தூரம் சொல்றியான்னு குரல உசத்திட்டேன். புள்ள மூஞ்சி சுருங்கிப் போச்சு, ஓகே தாத்தான்னு சொல்லிட்டு போன உன்கிட்ட குடுத்துட்டு உள்ள போயிட்டா. நீயும் ஒண்ணும் சொல்லல. அந்த ஓகே தாத்தா அன்னிக்கு ராத்திரி பூரா என்னைத் தூங்க விடல.

மறுநாள் காலையில பழையபேட்டை டீக்கடையில இந்தக் கேள்வியப் போட்டேன். ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் புளோரிடாதான். டீ மாஸ்டர், ஆப்பிரிக்கா கீழ இருக்குது, புளோரிடாவும் கீழ வால் மாதிரி தொங்குது, இதுல என்ன சந்தேகம்னாரு. லாரி வச்சிருக்காரே அவரு, கடல்ல ஏது கிலோமீட்டர் கல்லு, கப்பல் எந்தத் துறைமுகத்துல நிக்குதோ அதுதான் கணக்குன்னு ஆரம்பிச்சுட்டாரு. காலேஜ் பையன் ஒருத்தன் போர்ட்டோ ரிக்கோன்னான். அதுக்குத்தான் நம்ம ரிட்டயர்டு வாத்தியாரு, தம்பி அது அமெரிக்காவோடதுதான், ஆனா 50 மாநிலத்துல சேராது, கேள்வி மாநிலம்னு இருக்குது, கேள்விய ஒழுங்கா படின்னு அதட்டினாரு. ஆனா அவரும் புளோரிடாதான்னாரு. ரெண்டு டீ ஆயிடுச்சு, சத்தம் ரோட்டுக்கே கேட்டுச்சு. கடைசியில வாத்தியாரே எழுந்து, சும்மா வாயால அளக்காதீங்க, எங்க வீட்டுல குளோப் இருக்குது, ஒருத்தர் வாங்கன்னாரு. நான்தான் போனேன்.

அது பழைய குளோப், பன்னெண்டு இன்ச்சு, இன்னும் சோவியத்னுதான் போட்டிருக்குது, இந்துமகாசமுத்திரம் வெளுத்துப்போய் மோர் கலர்ல இருக்குது. ஒரு நாளைக்குக் குடுங்கன்னு கேட்டு நம்ம வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டேன். அம்மா பூ கட்டிக்கிட்டு இருந்தா, அவ கிட்ட ஒரு முழம் நூல் வாங்கி, நுனிய ஆப்பிரிக்காவுல மொராக்கோ கரையில வச்சா வழுக்கி வழுக்கி ஓடுது. அம்மாதான் ஒரு சோத்துப் பருக்கைய நசுக்கி நூல் நுனிய ஒட்ட வச்சா. அப்புறம் நூல நல்லா இழுத்துப் புடிச்சு மெயின் கோடி வரைக்கும் கொண்டுபோயி நகத்தால அடையாளம் போட்டு ஸ்கேல்ல வச்சா பன்னெண்டு சென்டிமீட்டர் சொச்சம். அடுத்தது புளோரிடா. ஆப்பிரிக்கா கரையில மேலயும் கீழயும் நகத்தி நகத்தி எந்த இடம் கம்மியா வருதுன்னு பாத்தேன், எங்க வச்சாலும் பதினஞ்சுக்குக் கீழ எறங்கவே இல்ல. அந்த குளோப்ல ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 420 கிலோமீட்டர். மெயின்ல இருந்து மொராக்கோ சுமார் 5,100, புளோரிடாவுல இருந்துன்னா 6,300-க்கு மேல. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நான் தப்பு. ஒரு ஸ்டேஜ் தப்பா டிக்கெட் கிழிச்சாலே செக்கிங்ல கேப்பாங்க பாப்பா, நான் ஆயிரம் கிலோமீட்டர் தப்பா சொல்லிட்டு சின்னப் புள்ளைய அதட்டியிருக்கேன்.

ஏன்னு யோசிச்சேன். அமெரிக்காவோட கிழக்குக் கரை நேரா கீழ எறங்கல, சாஞ்சு எறங்குது. மேல மெயின் கிழக்கால துருத்திக்கிட்டு இருக்குது, கீழ புளோரிடா மேக்கால ஒதுங்கிக் கெடக்குது. மெயினோட கோடி 67 டிகிரி மேக்க, மயாமி 80 டிகிரி, பதிமூணு டிகிரி வித்தியாசம். அந்தக் கோடிக்குப் பேரு வெஸ்ட் குவாடி ஹெட், செகப்பும் வெள்ளையும் பட்டை போட்ட லைட்ஹவுஸ் இருக்குது. பேருல மேக்குன்னு இருக்குது, ஆனா சேந்தாப்ல இருக்கற 48 மாநிலத்துக்கும் அதுதான் கிழக்குக் கோடி. இன்னொன்னு, ஆப்பிரிக்கான்னாலே நமக்கு கீழ, ரொம்ப கீழன்னு மனசுல பதிஞ்சு போச்சு. மொராக்கோ அவ்வளவு கீழ இல்லவே இல்ல. அங்க இருக்கற காசாபிளாங்காவும் டெக்சாஸ்ல உங்க ஊரு லப்பக்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, முப்பத்தி மூணரை டிகிரி. இத குட்டிகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா.

நான் ரோட்டுலயே தூரம் பாத்தவன், அதான் சிக்கல். கிருஷ்ணகிரி ஓசூர் அம்பது, ஓசூர் பெங்களூரு நாப்பதுன்னு வண்டி சுத்தற வழிதான் எனக்கு தூரம். ஆனா நேர் தூரம் வேறன்னு எனக்கு ஏற்கனவே ஒருத்தி காமிச்சுக் குடுத்திருக்கா. நீ ஆறாவது படிக்கறப்ப ஒகேனக்கல் போனோமே, ஞாபகம் இருக்கா? பரிசல்ல உக்காந்துக்கிட்டு அக்கரை எந்த ஊருன்னு கேட்ட, அது கர்நாடகாம்மான்னு சொன்னேன். அவ்வளவு பக்கமாப்பா, அப்ப ஏன் எல்லாரும் கர்நாடகாவுக்கு பஸ்ஸுல போறாங்கன்னு கேட்ட. தண்ணியில கைய விட்டு, இப்ப என் கை எந்த மாநிலத்துல இருக்குதுன்னு வேற கேட்ட. பரிசக்காரர் துடுப்ப நிறுத்திட்டு உன்னையே பாத்தாரு. அதே அக்கரைக்கு ரோட்டுல போகணும்னா மேட்டூர், பாலாறு, கோபிநத்தம்னு காட்டுவழியா சுத்தி அரை நாள் ஆவும். குட்டி உன்ன மாதிரியே கேள்வி கேக்கறா. அன்னிக்கு உன்ன நான் அதட்டல பாப்பா, இன்னிக்கு அவள அதட்டிட்டேன், அதான் மனசுல குத்துது.

இப்ப நான் எழுத வந்த பெரிய விஷயத்துக்கு வரேன். நூல் கையில இருக்குது, குளோப்பும் இருக்குது, சரி என் புள்ள எவ்வளவு தூரத்துல இருக்கான்னு பாப்போம்னு கிருஷ்ணகிரியில ஒரு பருக்கைய ஒட்டினேன். லப்பக் பேரு குளோப்ல இல்ல, டெக்சாஸ்ல மேல ஓரமா குத்துமதிப்பா வச்சுக்கிட்டேன். நீ பெங்களூர்ல ஏறி துபாய் போயி அங்கிருந்து டல்லஸ் போன, அதனால மேக்காலதான் இழுத்துப் பாத்தேன், நூல் தொளதொளன்னு ரொம்ப நீளம் புடிச்சுது. கிழக்கால பசிபிக் வழியா இழுத்தேன், அதுவும் அப்படித்தான். எங்க இழுத்து இறுக்கினாலும் அது தானா மேல மேல ஏறிக்கிட்டே போயி கடைசியில நேரா வடக்கால நின்னுடுச்சு. எனக்கு நம்பிக்கை இல்ல, வாத்தியாருக்கு போன் போட்டேன். அவரு டிகிரி கேட்டாரு. நம்ம ஊரு கிழக்க 78 டிகிரி, லப்பக் மேக்க 102 டிகிரி, ரெண்டையும் கூட்டுங்கன்னாரு. 180. உலகத்த ரெண்டா அறுத்தா நம்ம ஊரும் உன் ஊரும் ஒரே கோட்டுல வருது பாப்பா.

ஐதராபாத்துக்குக் கொஞ்சம் மேக்க, ஆக்ராவ ஒட்டி, டேராடூன ஒட்டி, இமயமலை தாண்டி, சைபீரியா, வட துருவம், அந்தப் பக்கம் எறங்கினா கனடா, டகோட்டா, நெப்ராஸ்கா, அப்புறம் நீ. முப்பத்தஞ்சரை சென்டிமீட்டர், 15,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. உங்கம்மா தெனம் சாயங்காலம் வாசல்ல நின்னு பொழுது எறங்கற பக்கம் பாத்து, பாப்பா இருக்கறது அந்தப் பக்கம்தானேன்னு கேப்பா, நானும் எட்டு வருஷமா ஆமா ஆமான்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். கொல்லையில முருங்கை மரம் இருக்கற பக்கம்தான் வடக்கு. அவள கூட்டிட்டுப் போயி காமிச்சேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் இவ்வளவு நாளா தப்பான பக்கம் பாத்து கும்புட்டிருக்கேனேன்னா. அவளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

வாத்தியாரு இன்னொன்னும் சொன்னாரு. வெள்ளக்காரன் காலத்துல 1802-ல லாம்டன்னு ஒருத்தரு மெட்ராஸ்ல பரங்கிமலை பக்கம் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சாராம், அப்புறம் தெக்க இருந்து வடக்க, கிட்டத்தட்ட இந்த 78 டிகிரிய ஒட்டியே வருஷக்கணக்கா அளந்துக்கிட்டே போனாராம், பூமி எவ்வளவு வளைஞ்சிருக்குதுன்னு கண்டுபுடிக்க. 1823-ல நாக்பூர் பக்கம் ஹிங்கன்காட்ல அளவு முடியாமயே எறந்துட்டாரு. அவரு விட்ட கோட்டத்தான் நான் பூ நூல்ல புடிச்சு உன் ஊரு வரைக்கும் கொண்டு வந்திருக்கேன்.

உங்க டெக்சாஸ்ல எல் பாசோ இருக்குதே, அங்க இருந்து ஹூஸ்டன் பக்கமா, கலிபோர்னியாவுல இருக்கற சான் டியாகோ பக்கமான்னு குட்டிய கேளு. ஹூஸ்டன் ஒரே மாநிலம், ஆனா சான் டியாகோதான் பக்கம், நேரா பாத்தா 1,010, ஹூஸ்டன் 1,080-க்கு மேல. நம்ம ஓசூர்க்காரங்களுக்கு மெட்ராஸ விட பெங்களூரு பக்கம் இல்லையா, அந்த மாதிரி.

முப்பத்தஞ்சரை சென்டிமீட்டர் நூல வெட்டி இந்தக் கவர்லயே வச்சிருக்கேன். ஒரு நுனியில பருக்கை காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் கிருஷ்ணகிரி. ஸ்கூல்ல பன்னெண்டு இன்ச் குளோப் இருந்தா வச்சுப் பாக்கச் சொல்லு, வேற சைஸ்ல வச்சா சரியா வராது.

அவளுக்கு என் சார்புல ஒரு கேள்வி. கிருஷ்ணகிரி டவுன்ல இருந்து நேரா நூல் புடிச்சா எந்த மாநிலம் ரொம்ப பக்கம், கர்நாடகாவா ஆந்திராவா? பெங்களூருக்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு இருக்கறதால இங்க எல்லாரும் கர்நாடகான்னுதான் சொல்லுவாங்க. குப்பம்னு ஒரு ஊரு இருக்குது, அத மேப்ல தேடச் சொல்லு, அதுக்கு மேல நீ எதுவும் சொல்லிக் குடுக்காத. ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணுவேன், அவளையே எடுக்கச் சொல்லு.

அப்பா